ஊரில் டிகிரி முடித்தவர்கள் கொலிஜில் சோஷல் சேர்விஸ் வேர்க்கர் படிக்கச் சேருமுன்

கனடாவின் ஒன்ராறியோவில் சோஷல் சேர்விஸ் வேர்க்கர் (சமூக சேவை ஊழியர்) டிப்ளோமாவுக்குச் சேரப் போகிறேன் என்று யாராவது சொன்னால், "ஊரில் டிகிரி ஏதாவது முடித்தீர்களா?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் இரண்டரை வருடமும் கையில் இருந்த காசும் வேறு மாதிரிப் போயிருக்கும். படிப்பு கூடாது என்று சொல்ல வரவில்லை. நல்ல படிப்பு, அதை வைத்துத்தான் இன்று வேலை பார்க்கிறேன். ஆனால் சேருவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை எல்லாம் சேர்ந்த பிறகுதான் தெரிய வந்தன. அதிலும் பாதியைக் காசு கட்டித்தான் தெரிந்துகொண்டேன். அடுத்ததாகப் போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழிமூலம் பி.ஏ. முடித்து, கொஞ்சக் காலம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, கலியாணம் கட்டி ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தவள் நான். வந்த நாளில் இருந்து பொதி கட்டும் பக்டரியில் வேலை. சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு விட்டுவிட்டுப் பக்கத்து நூலகத்தில் இருப்பேன். அங்கே வரும் வயதானவர்கள் அரசாங்கக் கடிதங்களைக் கொண்டுவந்து, "பிள்ளை, இதில என்ன எழுதிக் கிடக்கு எண்டு ஒருக்கால் பாரன்" என்பார்கள். முதியோர் ஓய்வூதியம், ஓடிஎஸ்பி என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகை, வாடகை வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல் என்று ஒவ்வொன்றாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கப் பழகினேன். இதைச் சம்பளத்துக்குச் செய்கிற ஆட்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது பெரிய சந்தோஷம். அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று பார்க்கத் தொடங்கியதில்தான் எல்லாம் ஆரம்பம்.

முதலில் 500 டொலர் போன கதை. தமிழ் வானொலியில் விளம்பரம் கேட்டு ஒரு தனியார் தொழிற்கல்லூரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை மிகவும் அன்பாகக் கதைத்தது. "அக்கா, இண்டைக்கே சைன் வைச்சால் சீட் உங்களுக்குத்தான். வருசம் முடியிறதுக்குள்ள நீங்கள் சோஷல் வேர்க்கர்." வைத்தேன். வீட்டுக்கு வந்து கட்டணத்தைப் பார்த்தால், அரச கொலிஜில் இரண்டு வருடத்துக்குக் கட்டுவதைவிடக் கூட. படித்து முடித்தால் பதிவுபெற்ற சோஷல் சேர்விஸ் வேர்க்கராகத் தகுதி உண்டா என்று கேட்டு அனுப்பினேன், நேரான பதில் வரவில்லை. விலகப் போனபோதுதான் விதி தெரிந்தது. ஒன்ராறியோவில் தனியார் தொழிற்கல்லூரி ஒப்பந்தத்தின் பிரதி கைக்கு வந்து இரண்டு நாட்களுக்குள் எழுத்தில் ரத்துச் செய்தால் முழுக் காசும் திரும்பி வரும். அதற்குப் பிறகு, வகுப்பு தொடங்குமுன் விலகினால், மொத்தக் கட்டணத்தில் 20 வீதம் அல்லது 500 டொலர், இதில் எது குறைவோ அதை அவர்கள் வைத்துக்கொள்ளலாம். நான் யோசித்து முடிக்க ஒரு கிழமை ஆகியிருந்தது. ஆகவே, கையெழுத்து வைப்பதற்கு முன் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். அன்றைக்கே சைன் வைக்கச் சொல்லி நெருக்கினால், அந்த அவசரம் யாருக்கு என்று யோசியுங்கள்.

அப்புறம் அரச கொலிஜ். மாகாணத்தில் இப்படி 24 இருக்கின்றன. அவற்றில் முதலாவது, 1966இல் நம் ஸ்காபரோவில் தொடங்கிய சென்டெனியல். பலவற்றில் இந்த டிப்ளோமா உண்டு, பொதுவாக இரண்டு வருடம். 2019இல் உள்நாட்டு மாணவர் கட்டணத்தைப் பத்து வீதம் குறைத்துப் பிறகு அப்படியே வைத்திருந்ததால், நான் சேர்ந்த 2022 செப்டெம்பரில் கட்டணம் பெரிய சுமையாக இருக்கவில்லை. மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இது பல மடங்கு. அவர்கள் கதையே வேறு, அதை அனுபவித்தவர்கள்தான் எழுத வேண்டும்.

சேர்ந்த பிறகும் சோஷல் வேர்க்கரும் சோஷல் சேர்விஸ் வேர்க்கரும் ஒன்று என்றுதான் நினைத்துக்கொண்டு இருந்தேன். என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். ஒன்ராறியோவில் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டும் தனித்தனியான, சட்டப் பாதுகாப்புள்ள தொழிற்பெயர்கள். இரண்டு பேரையும் பதிவுசெய்வது ஒரே ஒழுங்குமுறை அமைப்புத்தான், ஆனால் சோஷல் வேர்க்கராகப் பதிய பி.எஸ்.டபிள்யூ (BSW, சமூகப் பணி இளங்கலைப் பட்டம்) அல்லது எம்.எஸ்.டபிள்யூ (MSW, அதன் முதுகலைப் பட்டம்) வேண்டும், கொலிஜ் டிப்ளோமாவோடு சோஷல் சேர்விஸ் வேர்க்கராகத்தான் பதியலாம். பதியாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். இதைப் பெயர் விவகாரம் என்று விட்டுவிட முடியாது, வேலை அதில்தான் பிரிகிறது. வீடற்றோர் தங்கும் ஷெல்டர், வீடு தேடிக் கொடுக்கும் பகுதி, உணவு வங்கி, முதியோர் நிகழ்ச்சி, புதிதாக வந்தவர்களுக்கான சேவை, இங்கெல்லாம் டிப்ளோமாவுக்கு வேலை உண்டு. சிறுவர் பாதுகாப்புச் சங்கம், ஆஸ்பத்திரி என்று போனால் விளம்பரத்தில் பெரும்பாலும் பி.எஸ்.டபிள்யூ அல்லது எம்.எஸ்.டபிள்யூ கேட்டிருப்பார்கள். மனநல ஆலோசனை கொடுத்துக் காப்புறுதிக்கு ரசீது எழுதும் ஆளாக வர ஆசைப்படுகிறவர்கள் இந்த டிப்ளோமாவை நம்பிச் சேரக்கூடாது. உளச்சிகிச்சை சோஷல் சேர்விஸ் வேர்க்கரின் வரம்புக்குள் இல்லை. சேருமுன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, நீங்கள் செய்ய விரும்பும் வேலைக்கான விளம்பரங்களைத் தேடி எடுத்து, தகுதி என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். கொலிஜ் ஆலோசகரிடம் கேட்பது அதற்குப் பிறகு.

டிகிரி விஷயத்தை மூன்றாவது செமஸ்டரில்தான் அறிந்தேன். பிளேஸ்மென்ட், அதாவது படிப்பின் பகுதியாகச் சம்பளமில்லாமல் செய்யும் வேலைப் பயிற்சி, அந்த இடத்தில் இருந்த ஓர் அக்கா சாப்பாட்டு நேரத்தில் சும்மா கேட்டார், "நீர் ஊரில என்ன படிச்சனீர்?" சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வேறு துறையில் ஏற்கனவே பட்டம் உள்ளவர்களுக்கென்றே குறுகிய பி.எஸ்.டபிள்யூ இருக்கிறது. யோர்க் பல்கலைக்கழகத்தில் உண்டு, வாட்டர்லூவில் ரெனிசன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உண்டு. நான்கு வருடப் பட்டமும் தேவையான புள்ளிகளும் இருந்தால் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் இரண்டு வருட எம்.எஸ்.டபிள்யூவுக்கே விண்ணப்பிக்கலாம். என்னுடையது நான்கு வருடச் சிறப்புப் பட்டம். மூன்று வருடப் பொதுப் பட்டம் என்றால் கணக்கு மாறும், அதை முதலிலேயே பாருங்கள். இடம் கிடைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். தமிழில் படித்ததால் ஆங்கிலத் தேர்வு எழுதியிருக்க வேண்டும், சமூக சேவை அனுபவமும் கேட்பார்கள். ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்து தெரிவு செய்வது வேறு, தெரியாமல் இருப்பது வேறு. அன்றிரவு கோபத்தில் நித்திரை வரவில்லை. யாரில் கோபம் என்றும் தெரியவில்லை. பட்டத்தை மதிப்பீடு செய்வதற்கு உங்கள் பல்கலைக்கழகம் பெறுபேற்றுப் பத்திரத்தை நேரடியாக அனுப்ப வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். கொலிஜுக்குப் போவதோ இல்லையோ, கனடாவுக்கு வந்த முதல் வருடத்திலேயே அதைச் செய்து வைத்துவிடுங்கள்.

காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓசாப் என்ற ஒன்ராறியோ மாணவர் நிதியுதவியில் கிராண்டும் (திருப்பிக் கட்டத் தேவையில்லாத காசு) லோனும் சேர்ந்து வரும். கலியாணம் கட்டியவர்களுக்குக் கணவன் அல்லது மனைவியின் வருமானத்தையும் பார்ப்பார்கள். இவர் அந்த வருடம் ஓவர்டைம் செய்திருந்ததால் எனக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது. முழுநேர மாணவராகக் கணிக்க 60 வீதப் பாடச்சுமை வேண்டும். என்னோடு படித்த ஒரு பிள்ளை கஷ்டம் என்று பாடங்களைக் கைவிட்டு அதற்குக் கீழே இறங்கி, கிராண்டாக வந்த காசின் ஒரு பகுதி லோனாக மாறி அழுதது. பாடம் விடுவதற்கு முன் நிதியுதவிக் கந்தோரில் ஒரு வார்த்தை கேளுங்கள். கடனில் மத்திய அரசின் பங்குக்கு 2023 ஏப்ரல் முதலாம் திகதியில் இருந்து வட்டி இல்லை. ஒன்ராறியோவின் பங்குக்கு உண்டு, படிப்பு முடிந்து கட்டத் தொடங்குமுன் வரும் ஆறு மாத இடைவெளியிலும் அது ஏறிக்கொண்டு இருக்கும். கையில் காசு இருந்தால் அந்தப் பங்கை முதலில் குறைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வகுப்பில் என்னை உலுக்கியது பாடம் அல்ல, எழுத்து. ஊரில் கட்டுரை எழுதும்போது "நான்" என்ற சொல்லே வரக்கூடாது என்று படித்தவள். இங்கே ஒவ்வொரு கிழமையும் "இதை வாசித்தபோது நீ என்ன உணர்ந்தாய், உன் முன்முடிவுகள் எவை" என்று எழுதக் கேட்டார்கள். நான் புத்தகத்தில் இருந்ததை ஒழுங்காகச் சுருக்கி எழுதிக் கொடுத்து, மிகக் குறைந்த புள்ளி வாங்கினேன். ஆசிரியர், "இதில் நீங்கள் எங்கே?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். எழுத்து மையத்தில் இலவசமாக உதவி செய்வார்கள். வெட்கப்படாமல் முதல் மாதத்திலேயே போங்கள். நேர்காணல் பயிற்சியை வீடியோ எடுத்து வகுப்பில் போட்டுக் காட்டுவதும் அப்படித்தான். ஆலோசனை கேட்டு வருகிறவர் போல நடிக்கும் சக மாணவி இரண்டு வசனம் சொல்லுமுன் நான் தீர்வு சொல்லத் தொடங்கிவிடுவேன். நம் ஊரில் உதவி என்றால் அதுதானே. சும்மா இருந்து கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வீடியோவில்தான் கண்டேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பூர்வீகக் குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து வதிவிடப் பள்ளிகளில் அடைத்த வரலாறும், மன அதிர்ச்சி பற்றிய பாடமும் அடுத்தடுத்து வந்தன. போர் நடந்த இடத்தில் இருந்து வந்த எங்களுக்கு அது வெறும் பாடமாக இருக்காது. ஒரு வகுப்பின் நடுவில் எழுந்துபோய்க் கழிவறையில் நின்று அழுதேன். வீட்டில் சொல்லவில்லை. கொலிஜில் மாணவர்களுக்கு இலவச ஆலோசகர் உண்டு. "நானே இந்த வேலைக்குப் படிக்கிறேன், எனக்கு எதற்கு" என்று நினைத்து ஒரு செமஸ்டர் முழுவதும் போகாமல் இருந்தேன். நீங்கள் அப்படி இழுத்தடிக்காதீர்கள். அதே போலச் சிறுவர் பாதுகாப்புச் சட்டம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் சிறுவர் பாதுகாப்புச் சங்கத்துக்கு நேரடியாக அறிவிக்க வேண்டும். வேலையின்போது தெரிந்தும் அறிவிக்காவிட்டால் இந்தத் துறையில் இருப்பவருக்கு 5,000 டொலர் வரை அபராதம் வரலாம். "எங்கட சனம், வீட்டுக்குள்ள தீர்த்துக்கொள்ளட்டும்" என்ற பழக்கத்தோடு இந்த வேலைக்கு வர முடியாது. உறவினர் வீட்டு விருந்துகளில் இதற்காகவே என்னிடம் முகம் சுளித்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் வருடத்துக்குப் பிளேஸ்மென்ட். அதற்கு முன் காகிதப் படலம். பொலிஸில் இருந்து வல்னரபிள் செக்டர் செக் (பிள்ளைகள், முதியோர் போன்றவர்களுடன் வேலை செய்பவர்களுக்கான பின்னணிச் சோதனை) எடுக்க வேண்டும். அதை நீங்கள் வசிக்கும் இடத்துப் பொலிஸ்தான் கொடுக்கும், கிழமைக் கணக்கில் எடுக்கும். பிறந்த திகதியும் பாலினமும் மன்னிப்புப் பெற்ற பாலியல் குற்றவாளி யாரோ ஒருவரின் பதிவுடன் பொருந்தினால் கைரேகையும் கேட்பார்கள். என் வகுப்புத் தம்பி ஒருவனுக்கு அப்படி நடந்து, பாவம், தான் ஏதோ செய்துவிட்டதாக மற்றவர்கள் நினைப்பார்கள் என்று வெந்து போனான். அதில் அவன் குற்றம் எதுவும் இல்லை. இதை முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயந்திருக்க மாட்டான். எனக்குப் பிரச்சினை காசநோய்ச் சோதனையில். தோலில் ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் பார்ப்பார்கள், பிறகு சில கிழமைக்குள் இன்னொரு தடவை. எனக்கு முதல் தடவையே கை வீங்கிச் சிவந்தது. ஊரில் பிறந்தவுடன் போடும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியால் அப்படி வரலாம் என்று வைத்தியர் சொன்னார். ஆனாலும் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, கடிதம் வாங்கி, கொலிஜ் ஏற்றுக்கொள்ளும் வரை பிளேஸ்மென்ட் தொடங்க விடவில்லை. நல்ல இடங்கள் அதற்குள் நிரம்பிவிட்டன. இந்தச் சோதனைகளை முதல் வருடக் கோடை விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். ஊரில் போட்ட தடுப்பூசி அட்டை இருந்தால் வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அம்மாவிடம் இப்போதே கேளுங்கள்.

எனக்குக் கிடைத்த இடம் நகர மத்தியில். 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்டி ரயில் தடம் புரண்டு அதோடு நிரந்தரமாக மூடப்பட்டது, செப்டெம்பரில் நான் தொடங்கினேன். மாற்று பஸ்ஸில் கென்னடி நிலையம் வரை போய் அங்கிருந்து சப்வே. பனிக்காலத்தில் விடியுமுன் வெளிக்கிட்டு இருட்டிய பிறகு வீடு வருவேன். பிளேஸ்மென்ட் இடம் கேட்கும்போது, "எனக்கு எது கிடைத்தாலும் சரி" என்று சொல்லாதீர்கள். பயணத் தூரத்தைக் காரணமாகச் சொல்லலாம், சொன்னவர்களுக்குக் கிட்ட இடம் கொடுத்ததை நான் கண்டேன்.

அந்த நிறுவனத்துக்குத் தமிழ் ஆட்கள் நிறைய வருவார்கள். என்னைக் கண்டதும் எல்லோருக்கும் வசதியாகப் போய்விட்டது. காலையில் இருந்து பின்னேரம் வரை மொழிபெயர்ப்பு. மற்ற மாணவர்கள் நேர்காணல் செய்து, குறிப்பு எழுதி, கூட்டங்களில் இருந்தபோது, நான் யாரோ பேசுவதை யாருக்கோ சொல்லிக்கொண்டு இருந்தேன். உதவி செய்கிறோம்தானே என்று முதலில் மனம் நிறைவாகத்தான் இருந்தது. பிறகு உறைத்தது. இது சம்பளம் கொடுத்து ஆள் வைக்க வேண்டிய வேலை, அதை இலவசமாக என்னிடம் வாங்குகிறார்கள், நான் படிக்க வந்ததைப் படிக்கவில்லை. தொடக்கத்தில் எழுதும் கற்றல் ஒப்பந்தம் இதற்காகத்தான். அதில் "எத்தனை நேர்காணல், எத்தனை குறிப்பு" என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். மொழிபெயர்ப்புக்கு வரம்பு போடுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. வருகிறவர்கள் தெரிந்தவர்களாக இருப்பார்கள். காலையில் அலுவலகத்தில் புருசன் அடித்ததைச் சொன்னவர், அடுத்த கிழமை கோயிலில் முன்னால் நிற்பார். "வெளியில் கண்டால் நீங்கள் கதைத்தால் மட்டும் நான் கதைப்பேன், நீங்கள் யாரென்று வேறு யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடப் பழகிக்கொண்டேன். சொன்ன பிறகுதான் பலர் முழுதாகக் கதைக்கத் தொடங்கினார்கள்.

பெரிய அடி அதற்குப் பிறகு. என் சுப்பர்வைசர் வேலையை விட்டுப் போய்விட்டார். மணித்தாள்களை மாத முடிவில் சேர்த்துக் கையெழுத்து வைப்பது அவர் வழக்கம், கடைசி மாதத்துக்கு வைக்கவில்லை. புதிதாக வந்தவர், "நான் காணாத மணிக்கு நான் எப்படிக் கையெழுத்து வைப்பது?" என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. கொலிஜில் நான் மின்னஞ்சல் எழுதி, திரும்ப எழுதி, கடைசியில் அந்த மணிகளைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். பட்டமளிப்பு ஒரு தவணை தள்ளிப்போனது, அதற்கு மேலதிகக் கட்டணமும் வந்தது. என் கொலிஜில் பிளேஸ்மென்ட் 600 மணிக்கு மேல். அப்போது ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 16.55 டொலர். 600ஆல் பெருக்கினால் 9,930. பக்டரியில் நின்றிருந்தால் வந்திருக்கும் காசு அது. பிளேஸ்மென்ட்டுக்கு ஒரு சதமும் இல்லை. கட்டணத்தை எல்லோரும் கணக்குப் பார்ப்பார்கள், இதை யாரும் பார்ப்பதில்லை. சேருமுன் அந்த இரண்டு செமஸ்டருக்கான வீட்டுச் செலவை ஒதுக்கி வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் பகுதிநேரமாகப் படிக்க இடமுள்ள கொலிஜைத் தேடுங்கள். மணித்தாளில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கையெழுத்து வாங்கி, அங்கேயே தொலைபேசியில் படம் எடுத்து, கொலிஜ் ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தொல்லை கொடுக்கிறாள் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

இப்போது முதியோர் குடியிருப்பு ஒன்றில் ஒப்பந்த வேலை. பதிவும் எடுத்துவிட்டேன், வருடாவருடம் அதற்குக் கட்டணம் உண்டு. வேலை பிடித்திருக்கிறது, சம்பளம் சுமார். பி.எஸ்.டபிள்யூவுக்கு விண்ணப்பிக்கும் யோசனையில் டிப்ளோமாவுக்கு எத்தனை பாடம் கழித்துத் தருவார்கள் என்று விசாரித்தேன். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு விதம் சொல்கிறது. ஆன்ட்ரான்ஸ்ஃபர் என்ற மாகாண இணையதளத்தில் எந்தக் கொலிஜ் படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்ன தரும் என்று தேடலாம், ஆனால் இறுதி முடிவை எழுத்தில் வாங்குங்கள். கழித்துத் தருவதற்குப் பாடத்தின் பெயரும் புள்ளியும் மட்டும் போதாது. என்ன படித்தீர்கள், எத்தனை மணி, எப்படிப்பட்ட ஒப்படைகள் என்று காட்டும் முழுப் பாடத்திட்டத்தைக் கேட்கிறார்கள். படிப்பு முடிந்து கொஞ்ச நாளில் என் மாணவர் கணக்கு மூடப்பட்டுவிட்டது, அதில் இருந்தவற்றை எடுக்க முடியவில்லை. பழைய ஆசிரியர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு இருக்கிறேன், இன்னும் இரண்டு பாடத்துக்கு வரவில்லை. நீங்கள் ஒவ்வொரு செமஸ்டரின் முதல் கிழமையிலும் பாடத்திட்டங்களைப் பிடிஎஃப்பாக இறக்கி உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்.